பயிரில் இறங்கும் பேரிடர்: நஷ்டம் யாருடைய கணக்கில்?

 



போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மலையில் விளைவதும் ஏலம். அதை ஊருக்குள் விலை கூறி விற்பதும் ஏலம். இவ்விரண்டையும் நம்பித்தான் இவ்வூரின் அடுப்புகள் எரிகின்றன. விடியும் முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் வேலைக்குச் செல்லும் பெண்கள், கிட்டங்கிகளில் உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கும் தாய்மார்கள், மூட்டை சுமப்போர், வியாபாரிகள், ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலக்கூடத்தில் பொத்தானை அழுத்துவோர் என அத்தனை பேருக்கும் ரிஸ்க் அந்தச் சிறிய பச்சைக் காயினுள் வைக்கப்பட்டுள்ளது. தோட்டங்கள் பெரும்பாலும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. உழைப்பிலும் வணிகத்திலும் பெரும்பங்கு நம் தேனி மாவட்டத்தினுடையது. எனவே மலையில் ஒரு மழை தவறினால், மழையே பெய்யாத நம் தெருவில் கடன் ஏறுகிறது.

‘காலநிலை மாற்றம்’ என்பது விஞ்ஞானிகளும் அரசியல்வாதிகளும் மாநாடு கூட்டிப் பேசும் விஷயம். மிம்பரில் அதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கூலி, கடன், குத்தகை, உஷ்ர் ஆகிய நான்கும் ஃபிக்ஹு நூல்களில் தனித்தனிப் பாடங்களாக உள்ளவை. மழை முறை தவறும்போது இந்த நான்கும் ஒரே சமயத்தில் குலைகின்றன. அப்படியிருக்க, இதை மிம்பரில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

முதலில் அந்தச் செடியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். தோட்டத்தில் வேலை செய்வோர்க்கு இது தெரியும். காயை மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் வரையுள்ள உயரத்தில், பெருமரங்களின் நிழலில், ஈரம் காயாத மண்ணில் வளர்வது ஏலச்செடி. சுள்ளென்று அடிக்கும் வெயிலையும் அது தாங்காது. வேரில் தேங்கும் நீரையும் தாங்காது. பிப்ரவரி முதல் மே வரை இடையிடையே விழும் கோடை மழைதான் செடியின் அடியிலிருந்து சரம் நீள்வதற்குக் காரணம். அந்தச் சரத்தில் பூ வர வேண்டும். பூவைத் தேனீ தொட வேண்டும். பிறகு தென்மேற்குப் பருவமழை அளவோடு பெய்ய வேண்டும். அளவு மிஞ்சினால் அழுகல் நோய் வந்து காய் கொத்துக் கொத்தாக உதிரும். மழை குறைந்தால் பூச்சி பெருகிக் காயின் தோலைச் சுரண்டும். அல்லாஹ் எல்லாவற்றையும் ஓர் அளவின்படியே படைத்துள்ளதாகத் திருமறை கூறுவதன் பொருளை ஏலத்தோட்டத்தில் நின்று பார்ப்பவர் எளிதில் உணர்ந்துகொள்வார்.

அந்த அளவுதான் இப்போது பிசகுகிறது. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. ஏலமலைகளில் வெப்பம், அதிலும் இரவு நேர வெப்பம் உயர்ந்து வருவதையும், மழை பெய்யும் நாட்களின் எண்ணிக்கை குறைந்து வருவதையும் அங்குள்ள ஆய்வாளர்கள் பல்லாண்டுப் பதிவுகளிலிருந்து எழுதியுள்ளனர். நாட்கள் குறைந்தாலும் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. தொண்டைக்குத் துளித்துளியாகத் தேவைப்படும் நீரை ஒரே குடமாகத் தலையில் கவிழ்த்தாற் போல.

2018-ஆம் ஆண்டு முதல் நடந்தவற்றை வரிசையாக நினைவுபடுத்திப் பாருங்கள். அவ்வாண்டு மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பற்றிய தீ, மலையேற வந்திருந்த இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. (அந்தத் தீயைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத நான் துணியமாட்டேன். அனுமதி, கவனக்குறைவு எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. ஆயினும் மலை அன்று எவ்வளவு காய்ந்து கிடந்தது என்பதற்கு அது சாட்சி.) அதே ஆண்டு ஆகஸ்டில், 26 ஆண்டுகளுக்குப் பின் இடுக்கி அணையின் செறுதோணி மதகுகள் திறக்கப்படும் அளவுக்கு மழை கொட்டியது. கேரளம் முழுவதும் நானூறுக்கும் அதிகமான உயிர்கள் போயின. மறுசீரமைப்புக்கு ஏறத்தாழ 31,000 கோடி ரூபாய் தேவைப்படும் என்று அப்போது கணக்கிடப்பட்டது. ஏலமலையில் செடிகள் வேரோடு சரிந்தன, நின்றவை அழுகின. அடுத்து வந்த கோடையில் மழை இல்லை. 2017-18-இல் இந்தியாவில் சுமார் 20,600 டன்னாக இருந்த ஏல விளைச்சல் அடுத்த ஆண்டு சுமார் 13,000 டன்னாகவும், அதற்கடுத்த ஆண்டு 11,000 டன் அளவுக்கும் இறங்கியது.

காய் இல்லாதபோது விலை என்ன செய்யும்? 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடி ஏலக்கூடத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. அதுவரை காணாத விலை. ஊரே அதைப் பற்றிப் பேசியது. வெளியூரிலிருந்து உறவினர்கள், “உங்கள் ஊரில் இப்போது தங்கம் விளைகிறதாமே!” என்று கேட்டார்கள். விளையாததால்தான் அந்த விலை என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? கையில் பழைய இருப்பு வைத்திருந்த சிலருக்கு அது பெருலாபம். செடியை இழந்த சிறு தோட்டக்காரருக்கு அது பத்திரிகையில் படித்த செய்தி மட்டுமே. அந்த விலையைக் கண்டு கடன் வாங்கிப் புதிதாக நட்டவர்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள் பலர். 2020-21-இல் விளைச்சல் 22,000 டன்னைத் தாண்டியது. அதன்பின் 2022-இல் கிலோ ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கி, மருந்துச் செலவுக்கும் கூலிக்கும் கட்டாத நிலை வந்தது. விலை இருந்தபோது காய் இல்லை. காய் வந்தபோது விலை இல்லை. பிறகு 2024 கோடையில் மீண்டும் கடும் வெயில். தோட்டக் குட்டைகள் வற்றி, லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றியும் ஏக்கர் கணக்கில் செடிகள் மஞ்சளித்துச் சாய்ந்தன.

சகோதரர்களே! இந்தக் கணக்கில் ஒரு வரி எப்போதும் விடுபட்டுப் போகிறது. அது கூலிக்காரப் பெண்ணின் வரி. தோட்டக்காரரின் இழப்பைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வருவார்கள். எத்தனை ஹெக்டேர், எத்தனை செடி என்று எழுதுவார்கள். கனமழை எச்சரிக்கையால் ஜீப் ஓடாத நாளுக்கும், போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து பாதி வழியில் திரும்பிய நாளுக்கும், காயில்லாததால் ‘அடுத்த வாரம் வா’ என்று சொல்லப்பட்ட வாரத்திற்கும் எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. அந்த நாட்களின் அரிசியும் பால்காசும் வட்டிக்காரரிடமிருந்து வருகின்றன. வாரத் தவணைக் குழுக் கடன்கள் நம் முஹல்லாக்களில் எந்த அளவுக்குப் புகுந்துள்ளன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை; உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்.

உயிரையே கணக்கில் வைத்தவர்களும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 பேர். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அம்மலையில் உழைத்த தமிழர்கள். பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் அவ்வாறே அழிந்தன. வயநாட்டில் அன்று பெய்த மழை, புவி வெப்பமாகாமல் இருந்திருந்தால் பெய்திருக்கக்கூடியதைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதல் என்று சர்வதேச ஆய்வாளர் குழு ஒன்று கணித்தது. பத்து சதவீதம்தானே என்று நினைக்கலாம். நிறைந்த பாத்திரம் வழிவதற்கு எவ்வளவு தேவை?

இது நம் மலையோடு நிற்கும் விஷயம் அன்று. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வட்டாரத்தில் ஒரே இரவில் தென்னந்தோப்புகளை வீழ்த்தியது. வீட்டைச் சில மாதங்களில் கட்டிவிடலாம். தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். உலகிலேயே அதிக ஏலம் விளைவிக்கும் நாடு நம் நாடு அன்று, நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா. 2020 நவம்பரில் அடுத்தடுத்து இரண்டு சூறாவளிகள் அங்குள்ள ஏலமலைகளைத் தாக்கின. அங்கும் மலை சரிந்து கிராமம் புதைந்தது. அரபு நாட்டுக் கஹ்வாவில் மணக்கும் ஏலம் இந்த இரண்டு மலைகளிலிருந்து செல்வதுதான். அங்கே விழும் இழப்பு இங்கே விலையாகவும், இங்கே விழும் இழப்பு அங்கே விலையாகவும் மாறுகிறது. அடுத்தவன் தோட்டம் அழிந்ததால் நமக்கு விலை கிடைத்தது என்று ‘அல்ஹம்துலில்லாஹ்’ சொல்லும்போது சற்றே நாக்கு தயங்க வேண்டும்.

2006-இல் நிக்கோலஸ் ஸ்டெர்ன் என்ற பொருளாதார நிபுணர் பிரிட்டிஷ் அரசுக்காக ஓர் அறிக்கை தயாரித்தார். எதுவும் செய்யாமல் விட்டால் உலக உற்பத்தியில் ஆண்டுதோறும் 5 சதவீதம் முதல் 20 சதவீதம் வரை இழக்க நேரும். இப்போதே தடுத்தால் ஒரு சதவீதம் அளவில் முடிந்துவிடும் என்பது அதன் சாரம். உலகம் கேட்டதா? 2024-ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.5 டிகிரிக்கும் கூடுதலான வெப்பம் பதிவான முதல் ஆண்டாயிற்று. வெயிலால் 2030-இல் இந்தியா தன் மொத்த வேலை நேரத்தில் 5.8 சதவீதத்தை இழக்கும் என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2019-இல் மதிப்பிட்டது. அந்த வேலை நேரம் குளிரூட்டப்பட்ட அறையில் இருப்பவருடையது அன்று என்பதைக் கவனியுங்கள்.

இழப்பு எல்லோர்க்கும் ஒன்றாக விழுவதில்லை. 2021 ஜூலையில் ஜெர்மனியில் பெருவெள்ளம் வந்தது. நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வரசு 3,000 கோடி யூரோவைச் சீரமைப்புக்கு ஒதுக்கியது. 2022-இல் பாகிஸ்தானில் வெள்ளம் வந்தது. 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், மூன்று கோடிக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர், சேதமும் இழப்புமாக 3,000 கோடி டாலருக்கு மேல். உலகை வெப்பமாக்கும் புகையில் அந்நாட்டின் பங்கு ஒரு சதவீதத்திற்கும் குறைவு. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் அதற்கு வாக்களித்த உதவியில் பெரும்பகுதி கடன்! புகையை விட்டவர் ஒருவர், வெள்ளத்தில் மூழ்கியவர் மற்றொருவர். மூழ்கியவர் கையில் கடன் பத்திரம். எகிப்தில் 2022-இல் கூடிய மாநாட்டில் ‘இழப்பு மற்றும் சேத நிதி’ ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்நிதிக்கு இதுவரை வந்துள்ள தொகை ஒரு பாகிஸ்தான் வெள்ளத்திற்கே போதாது.

புனித மக்காவிலும் இதைப் பார்த்தோம். 2024 ஹஜ்ஜின்போது ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,300-க்கும் அதிகமான ஹாஜிகள் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதி பெறாமல், குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் இன்றி வெயிலில் நடந்தவர்கள் என்று சவூதி அரசு தெரிவித்தது. அனுமதியின்றிச் செல்வது தவறுதான். அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆயினும் ஒரே இஹ்ராம் துணி உடுத்திய கூட்டத்திலேயே, பணம் கட்டியவருக்கு நிழலும் கட்ட இயலாதவருக்கு வெயிலும் வாய்த்தது என்பதையும் மறக்க முடியாது.

கடலிலும் தரையிலும் தோன்றும் குழப்பத்திற்கு மனிதக் கரங்கள் சம்பாதித்தவையே காரணம் என்ற கருத்தை அர்ரூம் அத்தியாயத்தின் 41-ஆம் வசனம் உணர்த்துகிறது. அமெரிக்காவின் தொழிற்சாலையைக் கைகாட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. அதிக விளைச்சல் தரும் ‘ஞள்ளானி’ ரகம் பரவிய பின், வெளிச்சம் கூடினால் காய் கூடும் என்று ஏலமலையின் நிழல் மரங்களைக் கவாத்து என்ற பெயரில் மொட்டையடித்தது யார்? வாரம் தவறாமல் மருந்தடித்துத் தேனீயை விரட்டியது யார்? நிழல் போனதும் மண் சுடுகிறது, மண் சுட்டதும் கூடுதல் தண்ணீர், தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு, கிணற்றுக்கு டீசல். ஓடும் ஆற்றில் ஒளூ செய்தாலும் நீரை வீணாக்காதீர் என்று கற்பித்த நபி (ஸல்) அவர்கள், கியாமத் நாளே வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடுமாறு ஏவியவர்கள். அவர்களுடைய உம்மத்தின் தோட்டத்தில் ஒரு பலா மரமோ ஒரு சந்தன வேம்போ கூடுதலாக நிற்பதற்கு மார்க்கத்தில் தடை ஏதுமில்லை.

இனி, நஷ்டம் யாருடைய கணக்கில் என்ற கேள்விக்கு வருவோம்.

ஹிஜ்ரி 18-இல் மதீனாவைச் சூழ்ந்த வறட்சியை வரலாற்றாசிரியர்கள் ‘சாம்பல் ஆண்டு’ என்று குறிப்பிடுகிறார்கள். மண் சாம்பலாய்ப் பறந்த ஆண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டு, எண்ணெயையே உண்டு மேனி கறுத்துப் போனார்கள். மழை பெய்த ஷாம் தேசத்திலிருந்து அபூஉபைதா (ரலி) அவர்கள் உணவுப் பொதிகளை ஒட்டகங்களில் ஏற்றி வந்தார்கள். அது கடனாக எழுதப்படவில்லை. அவ்வாண்டு ஜகாத் வசூலை உமர் (ரலி) அவர்கள் நிறுத்திவைத்து, செழிப்பு திரும்பிய பிறகே ஆட்களை அனுப்பினார்கள். பேரிடர் ஆண்டுக்கு வேறு கணக்கு என்பதை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசு செயலில் காட்டியது.

அரசு இருக்கட்டும். தனிமனிதர்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலில்? மரத்திலுள்ள கனியை விலைக்கு வாங்கியவருடைய கனி பேரிடரால் அழிந்துவிட்டால், விற்றவர் அதற்குரிய பணத்தை எந்த நியாயத்தால் எடுத்துக்கொள்வார் என்று நபி (ஸல்) அவர்கள் வினவியதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. அதே நூலில் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் மற்றொரு நிகழ்ச்சி: கனிகளை வாங்கி நஷ்டப்பட்டுக் கடனில் மூழ்கிய ஒருவருக்குத் தர்மம் வழங்குமாறு நபியவர்கள் மக்களை ஏவினார்கள். மக்கள் கொடுத்தார்கள், கடன் அடையவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களிடம், அவரிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று கூறிவிட்டார்கள்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முதல் ஹதீஸை ஆதாரமாகக் கொண்டு, மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அழிந்தால் விற்றவர் அதைக் கழித்துக்கொடுப்பது கடமை என்றார்கள். கனியை ஒப்படைத்துவிட்ட பிறகு அது கட்டாயமில்லை, விரும்பத்தக்கது என்பது நம் ஹனஃபீ மத்ஹபின் நிலை. நிலக் குத்தகையாக இருந்தால் சட்டம் வேறு. ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பார்த்தே ஃபத்வா கூற முடியும். ஆனால் ‘கட்டாயமில்லை’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த தோட்டத்தின் குத்தகைப் பாக்கிக்காக ஒரு முஸ்லிம் இன்னொருவரின் வீட்டு வாசலில் ஆள் அனுப்பி நிற்க வைப்பதை எந்த மத்ஹபும் விரும்பத்தக்கது என்று சொல்லவில்லை. கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருவதை அல்பகறா அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் விதிக்கிறது. விட்டுக்கொடுப்பதை அதனினும் மேலாகக் கூறுகிறது.

ஆகவே தோட்டம் உடைய சகோதரர்களிடம் வெளிப்படையாகவே கேட்கிறேன். 2024-இல் காய்ந்துபோன தோட்டங்களின் குத்தகைப் பாக்கி இன்னும் நிலுவையில் இருக்குமானால், அதை மறுபடி எடுத்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கையாவது கழியுங்கள். மீதிக்குத் தவணை கொடுங்கள். எழுத்தில் கொடுங்கள். ஜீப் பாதி வழியில் திரும்பிய நாளுக்கு அரைக்கூலியாவது கொடுங்கள். வேலைக்குப் புறப்பட்டவள் வீட்டில் இருக்கவில்லையே! ஜமாஅத்தார்களிடமும் ஒன்று கேட்கிறேன். யூஸுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமித்து வைத்துத்தான் பஞ்சமான ஏழு ஆண்டுகளைக் கடத்தினார்கள். காய் பறிக்கும் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பைத்துல்மாலில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கிவைத்தால், வேலையற்ற மார்ச், ஏப்ரல் மாதங்களில் வட்டியில்லாக் கடனாகச் சில குடும்பங்களுக்காவது கொடுக்கலாம். நம் தெருவில் அதே ஜீப்பில் ஏறும் மாற்றுமதச் சகோதரிகளுக்கும் பொதுநிதியிலிருந்து கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். 2019 ஆகஸ்டில் மலப்புரம் மாவட்டம் கவளப்பாறையில் மலை சரிந்தபோது, அருகிலிருந்த போத்துகல் பள்ளிவாசல் தன் தொழுகைக் கூடத்தையே பிரேதப் பரிசோதனைக்குத் திறந்து கொடுத்தது. இறந்தவர் எம்மதத்தவர் என்று கேட்டா திறந்தார்கள்?

உஷ்ரைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, உழைத்து நீர் இறைத்து விளைந்ததில் இருபதில் ஒன்று என்பது புகாரீயில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபினருக்கு ஏலம் உணவு தானியம் அன்று என்பதால் உஷ்ர் இல்லை. வியாபாரச் சரக்காக இருந்தால் வியாபார ஜகாத் உண்டு. ஹனஃபீ மத்ஹபில் விளைபொருள் எதுவாயினும் உஷ்ர் உண்டு. நம் நாட்டு நிலங்கள் உஷ்ர் நிலங்கள்தாமா என்பதில் ஆலிம்களிடையே நீண்ட பேச்சு இருக்கிறது, பேணுதல் கொடுத்துவிடுவதே. முன்பெல்லாம் வானம் பார்த்த தோட்டத்தில் பத்தில் ஒன்று என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். இப்போது பாதி மழை, பாதி மோட்டார். அந்தப் பருவத்தில் எதன் நீர் அதிகமாகப் பாய்ந்ததோ அதுவே கணக்கு. பேரிடரால் அழிந்த பங்குக்கு உஷ்ர் இல்லை. தப்பிப் பிழைத்ததற்கு மட்டுமே. கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் காய் எடை போட்ட சீட்டுகளையும் டீசல் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலுக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.